பங்குதாரருக்கு உண்டு, பங்கேற்றவருக்கு?

பெங்களூரிலிருந்து ஒசூர் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் பெரும் வளாகத்தைக் கொண்டிருக்கும் பயோகான் நிறுவனம், 2011 ஜனவரியில் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. ஊசிக்குப் பதிலாக மாத்திரையாக விழுங்கத்தக்க இன்சுலினை உருவாக்கும் முயற்சியில் பல ஆண்டுகளாக ஈடுபட்டிருந்த அந்நிறுவனம், 'ஐஎன்-105' என்ற அம்மருந்தை இந்திய நீரிழிவு நோயாளிகளிடம் மூன்றாம் கட்டமாகப் பரிசோதித்தது. மூன்று மாத சராசரி சர்க்கரை அளவைக் குறைப்பதில் அம்மருந்து நிர்ணயித்த இலக்கை எட்டவில்லை, வெற்று மாத்திரை பெற்றவர்களிடமும் எதிர்பாராத அளவுக்கு முன்னேற்றம் காணப்பட்டது என்பதே அறிவிப்பின் சாரம்.

தோல்வியை மூடி மறைக்காமல் சொன்னது பாராட்டுக்குரியது. ஆனால், இத்தகைய அறிவிப்பு யாருக்காக வெளியிடப்படுகிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம், பங்கு விலையைப் பாதிக்கக்கூடிய முக்கியத் தகவலை முதலீட்டாளர்களுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். 'செபி'யின் 2015-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் இதை மேலும் இறுக்கின. 2023-இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு, நிறுவனத்துக்குள்ளிருந்தே உருவாகும் முக்கியத் தகவல் 12 மணி நேரத்துக்குள் சந்தைக்குச் சென்றுவிட வேண்டும். தவறினால் நடவடிக்கை உண்டு.

ஒரே ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் இந்த உரிமை உண்டு. அந்த மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கி, குறித்த நாளில் வந்து ரத்தம் கொடுத்து, பக்கவிளைவு ஏதும் வருமோ என்ற அச்சத்தையும் சுமந்த நோயாளிக்கு இதே உரிமை இருக்கிறதா? இந்தியச் சட்டத்தில் இல்லை. ஆய்வு நடத்தும் நிறுவனமோ மருத்துவரோ விரும்பினால் சொல்லலாம், சொல்லாவிட்டால் யாரும் கேட்க முடியாது. எந்த ஒரு நிறுவனத்தின் மீதும் சுமத்தப்பட வேண்டிய குற்றச்சாட்டு அல்ல இது. சட்டம் கேட்காத ஒன்றை அவர்கள் செய்யவில்லை என்று குறை கூற இயலாது. கேட்காமல் விட்டது சட்டத்தின் பிழை.

பொம்மசந்திராவைக் குறிப்பிடுவதற்குக் காரணம் இருக்கிறது. பயோகானும், ஒப்பந்த அடிப்படையில் ஆராய்ச்சி செய்து தரும் சின்ஜீனும், நாராயண ஹ்ருதயாலயா மருத்துவமனையும் இருப்பது இந்த வட்டாரத்தில்தான். மருந்தைக் கண்டுபிடிப்பது, தயாரிப்பது, நோயாளிக்கு அளிப்பது ஆகிய மூன்றும் ஒரே சாலையை ஒட்டி நடக்கும் இடங்கள் நாட்டில் அதிகம் இல்லை. 2025 ஆகஸ்டு 10-இல் திறக்கப்பட்ட பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் பொம்மசந்திராவில் முடிவடைகிறது. இந்தத் தொழிற்பேட்டைக்கு அன்றாடம் வேலைக்கு வந்து போகிறவர்களில் ஒசூர்ப் பகுதித் தமிழர்கள் கணிசமானவர்கள். மருந்து ஆய்வில் நாளை பெயர் கொடுக்கப் போகிறவர் இவர்களில் ஒருவராகவும் இருக்கலாம்.

ஆய்வில் பங்கேற்ற ஒருவர் தெரிந்துகொள்ள விரும்புபவை எவை? முதலாவது, அவருடைய சொந்தப் பரிசோதனை அறிக்கைகள். இரண்டாவது, அவருக்குக் கொடுக்கப்பட்டது மருந்தா, வெற்று மாத்திரையா என்பது. மூன்றாவது, ஆய்வின் ஒட்டுமொத்த முடிவு. முதலாவதைத் தருவதில் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. இரண்டாவதை ஆய்வு நடக்கும்போது சொல்ல முடியாது என்பது உண்மை. யாருக்கு எது கொடுக்கப்படுகிறது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது என்பதுதான் இரட்டை மறைப்பு முறையின் அடிப்படை. நம்பிக்கையே பாதி குணம் என்பதால், மறைக்காவிட்டால் முடிவு திரிந்துவிடும். ஆனால், கடைசி நோயாளியின் கடைசிப் பரிசோதனையும் முடிந்து, தகவல் தொகுப்பு பூட்டப்பட்டு, மறைப்பு விலக்கப்பட்ட பிறகு சொல்லாமல் இருப்பதற்கு எந்த விஞ்ஞானக் காரணமும் கிடையாது. மூன்றாவதைச் சொல்லாமல் இருப்பதற்கு எந்தக் காலத்திலும் காரணம் இருந்ததில்லை.

வெற்று மாத்திரை பெற்றவருக்கு இது வெறும் ஆர்வக் கேள்வி அல்ல. ஓராண்டுக் காலம் தமக்குப் புதிய மருந்து கிடைத்தது என்று எண்ணிக்கொண்டிருப்பவர், அடுத்த மருத்துவரிடம் தம் நோயின் வரலாற்றைத் தவறாகவே சொல்வார். மருந்து பெற்றவருக்கோ, பின்னாளில் அம்மருந்து குறித்து ஏதேனும் எச்சரிக்கை வெளியானால், அது தமக்குப் பொருந்துமா என்பதே தெரியாது.

உலக மருத்துவ சங்கம் 1964-இல் வகுத்த ஹெல்சிங்கி பிரகடனம்தான் மனிதர்களிடம் நடத்தப்படும் ஆய்வுகளுக்கு உலகளாவிய நெறி. ஆய்வு முடிந்ததும் அதன் விளைவைத் தெரிந்துகொள்ளும் உரிமை பங்கேற்றவர்களுக்கு உண்டு என்று 2008-ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே அது கூறிவிட்டது. முடிவுகளைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு பங்கேற்ற அனைவருக்கும் அளிக்கப்பட வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுத் திருத்தமும் வலியுறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. 2022 ஜனவரி 31 முதல் அங்கு நடைமுறையில் உள்ள ஒழுங்குமுறையின்படி, ஆய்வு முடிந்த ஓராண்டுக்குள் அதன் முடிவுச் சுருக்கத்துடன், சாதாரண மக்களுக்கும் புரியும் நடையில் தனியாக ஒரு சுருக்கத்தையும் பொதுத் தளத்தில் வெளியிட வேண்டும். பன்னாட்டு நிறுவனம் ஒன்று ஒரே மருந்தை ஒரே நேரத்தில் போலந்திலும் பெங்களூரிலும் பரிசோதித்தால், போலந்துக்காரருக்காக எளிய சுருக்கம் எழுதுவது கட்டாயம். பெங்களூர்க்காரருக்காக அதை மொழிபெயர்த்துக் கொடுக்கவேண்டிய கட்டாயம் இல்லை.

இந்தியாவில் இப்போது நடைமுறையில் இருப்பவை, 2019 மார்ச்சில் அறிவிக்கை செய்யப்பட்ட புதிய மருந்துகள் மற்றும் மருந்து ஆய்வுகள் விதிகள். பல நல்ல அம்சங்கள் அவற்றில் உள்ளன. ஆய்வில் பாதிப்பு ஏற்பட்டால் இழப்பீடு, அதைக் கணக்கிடச் சூத்திரம், நெறிமுறைக் குழுக்களுக்குக் கட்டாயப் பதிவு, மருத்துவச் செலவை ஏற்கும் பொறுப்பு என்று பங்கேற்பாளரின் உயிருக்கும் உடலுக்கும் ஓரளவு பாதுகாப்பு உண்டு. ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போது, தொடர்ந்து பங்கேற்பது பற்றிய அவரது முடிவை மாற்றக்கூடிய புதிய தகவல் கிடைத்தால் உடனே தெரிவிக்க வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறுகின்றன. ஆய்வு முடிந்த பிறகு என்ன என்பது பற்றி அவை பேசவில்லை. அறிக்கை மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிக்குப் போகிறது. பங்கேற்றவருக்குப் போக வழி இல்லை.

இந்த விதிகளின் மூன்றாம் அட்டவணையில் ஒப்புதல் படிவத்தின் மாதிரி இருக்கிறது. பங்கேற்பாளரின் பெயர், வயது, முகவரி, கல்வித் தகுதி, தொழில், ஆண்டு வருமானம் ஆகியவற்றைப் படிவம் கேட்கிறது. ஆய்வின் காரணமாக அவர் இறந்துபோனால் இழப்பீடு பெறவேண்டிய வாரிசின் பெயரையும் முகவரியையும்கூடக் கேட்கிறது. இறந்தால் யாரிடம் தெரிவிப்பது என்று முன்கூட்டியே எழுதி வாங்கத் தெரிந்த அரசுக்கு, உயிரோடு இருந்தால் முடிவைத் தெரிந்துகொள்ள விரும்புகிறாரா என்று ஒரு வரி கேட்கத் தோன்றவில்லை.

இது புதிய மருந்துகளின் காலத்தில் முளைத்த குறை அல்ல. தமிழ்நாட்டுக்கு இதில் நீண்ட அனுபவம் உண்டு. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர் பகுதியில் 1968-இல் தொடங்கிய பிசிஜி தடுப்பூசி ஆய்வு, உலகில் அத்தடுப்பூசிக்காக நடத்தப்பட்ட மிகப் பெரிய ஆய்வு. ஐசிஎம்ஆர், உலக சுகாதார அமைப்பு, அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை ஆகியவை சேர்ந்து நடத்திய அந்த ஆய்வின் எல்லைக்குள் சுமார் 3.6 லட்சம் மக்கள் இருந்தனர். ஏழரை ஆண்டுகள் கண்காணித்த பிறகு 1979-இல் வெளியான முதல் அறிக்கை, வயது வந்தோருக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் தடுப்பூசி பலன் தரவில்லை என்றது. உலகமே அதிர்ந்தது. பச்சிளங் குழந்தைகளுக்கு ஏற்படும் கடுமையான காசநோய் வகைகளைத் தடுப்பதால் பிசிஜி இன்றும் போடப்படுகிறது என்பது வேறு விஷயம். பதினைந்து ஆண்டுக் கண்காணிப்பின் முழு முடிவு மருத்துவ ஆய்விதழில் வெளியானது 1999-இல். கையை நீட்டி ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் அந்த ஆங்கிலக் கட்டுரைக்கும் இடையே முப்பத்தோர் ஆண்டுகள் ஓடிவிட்டன. அவர்களில் பலர் அதற்குள் காலமாகியிருப்பார்கள்.

வேலூரை எடுத்துக்கொள்ளலாம். குழந்தைகளின் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டாவேக் தடுப்பு மருந்தின் மூன்றாம் கட்ட ஆய்வு தில்லி, புணே, வேலூர் ஆகிய இடங்களில் 6,799 குழந்தைகளிடம் நடந்தது. 2014-இல் 'லான்செட்' இதழ் முடிவை வெளியிட்டது. கடுமையான ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கிலிருந்து முதல் ஆண்டில் கிடைத்த பாதுகாப்பு 56.4 சதவீதம். இந்திய அறிவியலுக்குப் பெருமை சேர்த்த ஆய்வு அது. இருப்பினும், குடல் செருகல் எனப்படும் அரிய பக்கவிளைவு குறித்து ஒவ்வொரு மையத்துக்கும் உரிய விவரங்களைத் தனித்தனியே வெளியிட வேண்டும் என்று குழந்தை மருத்துவர்களும் சமூக ஆர்வலர்களும் கேட்டபோது அது எளிதில் கிடைக்கவில்லை. விவகாரம் தில்லி உயர் நீதிமன்றம் வரை சென்றது. தடுப்பு மருந்து நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்குள் நுழையாமலே ஒன்றைச் சொல்லலாம். குழந்தையை மடியில் வைத்து மருந்து ஊட்ட அனுமதித்த வேலூர்த் தாய்க்கு, வேலூரில் என்ன நடந்தது என்று கேட்கும் உரிமை முதலில் இருந்திருக்க வேண்டும்.

நாடாளுமன்றம் இவ்விஷயத்தில் தூங்கிக்கொண்டிருந்தது என்று சொல்ல முடியாது. ஒருங்கிணைந்த ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி 2009-இல் 'பாத்' என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தின் திட்டத்தின் கீழ் பள்ளிச் சிறுமிகளுக்குப் போடப்பட்டது. ஏழு சிறுமிகள் இறந்த செய்தி வெளியானதும் 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. இறப்புகளுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பு இல்லை என்று விசாரணைக் குழு கூறியது. ஆனால், சுகாதாரத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2013 ஆகஸ்டில் அளித்த 72-ஆவது அறிக்கை ஒப்புதல் பெறப்பட்ட முறையைக் கடுமையாகச் சாடியது. ஆந்திரத்தில் பார்க்கப்பட்ட 9,543 படிவங்களில் 1,948-இல் கைநாட்டு இருந்தது. 2,763 படிவங்களில் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டிருந்தனர். இது ஆய்வே அல்ல, செயல்விளக்கத் திட்டம் என்பது 'பாத்' நிறுவனத்தின் வாதம். ஆய்வு என்றே அறியாத பெற்றோர், ஆய்வின் முடிவை எப்படிக் கேட்பார்கள்?

அந்த அறிக்கைக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. நிலைக்குழு அறிக்கைகளை நீதிமன்றம் கவனத்தில் கொள்ளலாமா என்ற கேள்வி அந்த வழக்கில்தான் எழுந்தது. கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2018 மே 9-இல் தீர்ப்பளித்தது. நாடாளுமன்றக் குழுவின் உழைப்பு வீண் போகாது என்பதற்கு அத்தீர்ப்பு சான்று.

2010 ஏப்ரலில் பிறப்பிக்கப்பட்ட அந்தத் தடையால் மற்றோர் ஆய்வும் பாதியில் நின்றது. அதே புற்றுநோய்க்கான தடுப்பூசியை இரண்டு தவணை போட்டால் போதுமா, மூன்று தவணை வேண்டுமா என்று ஒப்பிடும் ஆய்வு அது. திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கை உட்பட நாட்டின் பல இடங்களில் 17,729 சிறுமிகள் தடுப்பூசி பெற்றிருந்தனர். தடை வந்ததால் அவர்களில் பலருக்கு ஒரு தவணையோடு நின்றுபோனது. குறைபாடாகக் கருதப்பட்ட அதுவே பின்னர் பெரும் பேறாக மாறியது. பத்தாண்டுகள் கண்காணித்ததில், ஒரே தவணை பெற்றவர்களுக்கும் 95.4 சதவீதப் பாதுகாப்பு கிடைத்திருப்பது 2021-இல் தெரிய வந்தது. உலக சுகாதார அமைப்பு 2022-இல் ஒற்றைத் தவணையை ஏற்றுக்கொண்டதற்கு இந்த இந்தியச் சிறுமிகளின் ஆய்வும் ஒரு முக்கிய ஆதாரம். ஏழை நாடுகள் பலவற்றின் தடுப்பூசிச் செலவு இதனால் குறைகிறது. அன்று பாவாடை தாவணி அணிந்து வரிசையில் நின்ற அம்பிளிக்கைச் சிறுமி இன்று குழந்தைகளுக்குத் தாயாகியிருக்கக் கூடும். உலகத்தின் கொள்கை மாறியதில் தமக்கும் பங்குண்டு என்பதை அவருக்குச் சொல்லவேண்டிய கட்டாயம் எந்த விதியிலும் இல்லை.

நீதிமன்றங்களும் ஓர் எல்லைக்கு மேல் செல்ல முடியவில்லை. இந்தூரைச் சேர்ந்த அமைப்பு ஒன்று தொடர்ந்த பொதுநல வழக்கில், 2005-க்கும் 2012-க்கும் இடையே 475 புதிய மருந்து ஆய்வுகளில் 2,644 பேர் இறந்ததாகவும், அவர்களில் 80 பேரின் மரணமே ஆய்வோடு தொடர்புடையது என்றும் மத்திய அரசு தெரிவித்தது. அந்த வழக்கின் அழுத்தத்தால்தான் இழப்பீட்டு விதிகள் வந்தன. கொரோனா தடுப்பூசி வழக்கில் 2022 மே 2-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், நடப்பில் உள்ள சட்டங்களின்படி வெளியிடப்பட வேண்டிய ஆய்வு விவரங்களைத் தாமதமின்றி வெளியிட வேண்டும் என்றது. நடப்பில் உள்ள சட்டங்களின்படி என்பதில்தான் சிக்கல். சட்டத்தில் இல்லாததை அந்தத் தீர்ப்பைக் காட்டிக் கேட்க முடியாது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டால், வணிக ரகசியம் என்று 8(1)(டி) பிரிவைக் காட்டலாம். எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியபோது, தம்மைப் பற்றிய தரவைக் கேட்டுப் பெறும் உரிமை குடிமக்களுக்குக் கிடைத்துவிட்டது என்று ஆளுங்கட்சி உறுப்பினர்கள் பெருமிதம் கொள்ளலாம். ஆனால், ஆராய்ச்சிக்காகக் கையாளப்படும் தரவுகளுக்கு அதே சட்டத்தின் 17-ஆவது பிரிவு நிபந்தனையுடன் விலக்கு அளித்திருக்கிறது.

மருந்து ஆய்வுகளின் தேசியப் பதிவேடு 2007 ஜூலையில் தொடங்கி, 2009 ஜூன் முதல் பதிவு கட்டாயமாக்கப்பட்டது. ஆய்வு தொடங்குவது பற்றி யாரும் பார்க்கலாம். முடிந்த பிறகு முடிவையும் அதில் ஏற்ற வேண்டும் என்ற கட்டாயம் விதிகளில் இல்லை. முடிவுகளை ஓராண்டுக்குள் வெளியிடுவதற்கு ஆதரவாக 2017 மே மாதம் உலக சுகாதார அமைப்பு முன்னின்று வெளியிட்ட கூட்டறிக்கையில் ஐசிஎம்ஆரும் கையெழுத்திட்டது. ஜெனீவாவில் இட்ட கையெழுத்து தில்லி விதிகளில் இன்னும் எழுத்தாகவில்லை. பதிவேடு ஆங்கிலத்தில் இருப்பதால் ஒசூர்த் தொழிலாளிக்கு அது எவ்வளவு பயன்படும் என்பதும் கேள்விக்குரியது.

நடைமுறைச் சிக்கல்களைத் தொழில்துறையினர் சுட்டிக்காட்டுவதுண்டு. பங்கேற்றவர்கள் முகவரி மாறிவிடுவார்கள், கைப்பேசி எண் மாறிவிடும், மோசமான முடிவைக் கேட்டால் பீதி அடைவார்கள் என்பன அவர்களது வாதங்கள். இழப்பீட்டுக்கும் தொடர் பரிசோதனைக்கும் தேடிப் பிடிக்க முடிகிற ஒருவருக்கு, ஒரு பக்கக் கடிதம் அனுப்ப முடியாதா? பீதி என்ற வாதத்தைப் பொறுத்தவரை, வெற்று மாத்திரை கிடைக்கலாம், பலன் இல்லாமலும் போகலாம் என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கும்போது அவர் பீதி அடைவதில்லை. முடிவைக் கேட்க விரும்பாதவர்களும் இருப்பார்கள். அவர்களை வற்புறுத்த வேண்டியதில்லை. அதனால்தான் படிவத்தில் ஒரு கேள்வி தேவைப்படுகிறது. தம் நோய் பற்றி இனிக் கேட்கவே வேண்டாம் என்று நினைப்பவரின் விருப்பமும் மதிக்கப்பட வேண்டியதே.

மருந்து ஆய்வுகளுக்குத் தனி அத்தியாயம் வகுத்த திருத்த மசோதா 2013 ஆகஸ்டில் மாநிலங்களவையில் அறிமுகப்படுத்தப்பட்டது. பின்னர் 2016-இல் அதைக் கைவிட அரசு முடிவு செய்தது. அதன் பிறகு எல்லாம் விதிகள் மூலமாகவே நடக்கிறது. 2024 செப்டம்பரில் வந்த திருத்தம், ஒப்பந்த ஆராய்ச்சி நிறுவனங்கள் அனைத்தும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றது. 2025 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. யார் ஆய்வு நடத்துகிறார்கள் என்பது அரசுக்குத் தெரிய வழி பிறந்தது நல்லது. அந்தத் திருத்தத்திலும் முடிவைத் தெரிவிக்கும் கடமை சேர்க்கப்படவில்லை.

செய்ய வேண்டியது அதிகமில்லை. ஆய்வின் முடிவைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன், விரும்பவில்லை என்று இரண்டு கட்டங்களை மூன்றாம் அட்டவணைப் படிவத்தில் சேர்க்க வேண்டும். விரும்புகிறவர்களுக்கு, ஆய்வு முடிந்த ஓராண்டுக்குள் அவரவர் தாய்மொழியில், பெற்றது மருந்தா வெற்று மாத்திரையா என்ற விவரத்துடன் முடிவுச் சுருக்கம் அனுப்பப்பட வேண்டும் என்று ஒரு விதி வேண்டும். பாதியில் கைவிடப்பட்ட ஆய்வுகளுக்கும் அது பொருந்த வேண்டும். ஏனெனில், வணிகக் காரணங்களுக்காக நிறுத்தப்படும் ஆய்வில் பங்கேற்றவருக்குத்தான் மிகக் குறைவாகத் தெரிகிறது. அனுப்பியதற்கான சான்றை நெறிமுறைக் குழு சரிபார்த்த பிறகே ஆய்வு முடிந்ததாகக் கருதப்பட வேண்டும்.

இதற்குப் புதிய சட்டம்கூட வேண்டாம். 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் 38-ஆவது பிரிவுப்படி, இத்தகைய விதிகளும் அவற்றின் திருத்தங்களும் இரு அவைகளின் முன்பும் 30 நாள்கள் வைக்கப்பட வேண்டும். அந்தக் காலத்தில் எந்த உறுப்பினரும் மாற்றம் கோரலாம். இரு அவைகளும் ஒப்புக்கொண்டால் விதி மாறிய வடிவிலேயே செல்லும். அவை மேஜையில் வைக்கப்படும் ஆவணங்களை உறுப்பினர்களில் எத்தனை பேர் புரட்டிப் பார்க்கிறார்கள் என்பது தில்லியில் எல்லோருக்கும் தெரிந்த கதை. இவ்விதிகளுக்கு அடுத்த திருத்தம் எப்போது வந்தாலும், அது மேஜைக்கு வரும் நாளில் கிருஷ்ணகிரி, வேலூர், திருவள்ளூர், திண்டுக்கல் தொகுதிகளின் உறுப்பினர்களாவது அதைக் கையில் எடுத்துப் படித்து, மாற்றம் கோரும் தீர்மானத்துக்கு முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும்.